ஆல்டர்கில்லுக்கும் ஸ்டோன்பர்னுக்கும் இடையில்

ஹெஸ்லப்பை மண்ணில் வைத்துப் பதினேழாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அவருடைய வீட்டு நிலவறையில் மணி ஒருதரம் அடித்தது.

சந்திரகாந்தி அப்போது மேலே சாப்பாட்டு மேசையில் அவருடைய சேட்டுகளை மடித்து, தருமத்துக்குக் கொடுக்கிற பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. பித்தளைக் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டினால் வருமே, அப்படி ஒரே ஒரு அடி. அவளுடைய வலது கை தானாக எழும்பியது. மணி ஒருதரம் அடித்தால் பதிலுக்கு ஒருதரம் அடிக்கவேண்டும். நாலு வருடம் அந்த ஒழுங்கில் பழகிய கை. எழும்பிய கையை மற்றக் கையால் பிடித்து மேசையில் வைத்தாள்.

அந்த வீட்டில் அவள் திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள், பகல் ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை வீட்டுவேலைக்குப் போய்வந்தவள். அந்த நாலு வருடத்தில் சொன்னது ஒரேயொரு பொய். அந்தப் பொய் கீழே நிலவறையில், ஒரு புத்தகத்தில், அவளுடைய சொந்தக் கையெழுத்திலேயே பிடிபட்டுக் கிடந்தது. மணி கேட்டதும் அவளுக்குப் பேயின் நினைப்பு வரவில்லை. அந்தப் புத்தகத்தின் நினைப்புத்தான் வந்தது.

என்ன பொய் என்று சொல்வதற்கு முன் அந்த நிலவறையைச் சொல்லவேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அதைத் தெரியாமல் மற்றது விளங்காது.

ரால்ஃப் ஹெஸ்லப் ஆங்கிலேயர். எண்பது வயது. இங்கிலாந்தின் வடக்கே டர்ஹம் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கில் பிறந்தவர். அந்தப் பள்ளத்தாக்குக்குள் ஒரு சின்ன ரயில் பாதை போனது. சுண்ணாம்புக் கல்லுக்காகப் போட்ட பாதை. ஆரம்பத்தில் குதிரைகள்தான் பெட்டிகளை இழுத்தன, பிறகு நீராவி வந்தது. "கல்லை ஏத்தினபிறகு மிச்சமிருந்த இடத்தில மனிசரை ஏத்தினவங்கள்" என்று ஹெஸ்லப் சொல்வார். மொத்தம் நாலு ஸ்டேஷன். நாளுக்கு ஐந்து ரயில் போகும், ஐந்து வரும். சனிக்கிழமை சந்தைக்குப் போகிறவர்களுக்காக ஒன்று கூட. ஆல்டர்கில் என்ற ஸ்டேஷனில் அவருடைய தகப்பன் முப்பத்தொரு வருடம் சிக்னல்காரராக இருந்தார். அடுத்த ஸ்டேஷன் ஸ்டோன்பர்ன். இரண்டுக்கும் நடுவில் மலையைக் குடைந்த ஒரு சுரங்கம். அதனால் ஆல்டர்கில் சிக்னல்காரரின் கண்ணுக்கு ஸ்டோன்பர்ன் தெரியாது, ஸ்டோன்பர்ன்காரருக்கு ஆல்டர்கில் தெரியாது. மணிதான் இருவருக்கும் நடுவில் பேச்சு.

பிறகு பஸ் வந்தது. கல் உடைக்கிற இடம் மூடப்பட்டது. அறுபதுகளில் ஒரு வசந்தகாலச் சனிக்கிழமை கடைசி ரயில் ஓடியது. அப்போது ஹெஸ்லப்புக்கு இருபத்தொரு வயது. பிரிட்டிஷ் ராணுவத்தோடு ஜெர்மனியில் இருந்தார், லீவு கிடைக்கவில்லை. தகப்பனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அன்று மழை என்றும், கடைசி ரயில் இரண்டு நிமிடம் பிந்திப் போனது என்றும் மட்டும் எழுதியிருந்தது. அடுத்த வருடம் தண்டவாளத்தைக் கழற்றினார்கள். ஹெஸ்லப் திரும்பிப் போகவில்லை. உர்சுலா என்ற ஜெர்மன் பெண்ணைக் கட்டினார். எசன் நகரத்தின் தெற்கே, றூர் ஆற்றைப் பார்த்த மேட்டில் வீடு வாங்கினார். தகப்பன் செத்தபோது போய், அந்த இரண்டு சிக்னல் அறைகளிலும் இருந்த நிஜ மணிகளை வாங்கிக்கொண்டு வந்தார்.

நிலவறையில் இரண்டு அறைகள். ஒன்றில் ஆல்டர்கில்லை இடுப்பளவு உயர மேசையில் கட்டினார். மற்றது உடுப்புத் தோய்க்கிற அறை. அங்கே உடுப்பு மெசினுக்கு மேலே பலகை போட்டு ஸ்டோன்பர்னைக் கட்டினார். நடுச்சுவரில் ஓட்டை போட்டுச் சுரங்கமாக்கினார். மரத்தாலும் பிசினாலும் செய்த வீடுகள், கையளவு ரயில்கள், ஆனால் மணி மட்டும் உண்மையான மணி. சுவர் மணிக்கூடு இங்கிலாந்து நேரத்தில் ஓடியது. படியிறங்கினால் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போய்விடும்.

உர்சுலா முப்பது வருடம் ஸ்டோன்பர்னில் இருந்தாள். அவள் செத்துப்போனபிறகுதான் சந்திரகாந்தி அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். முதல் கிழமையே, உடுப்புத் தோய்க்கிறபோது, ஹெஸ்லப் வாசலில் வந்து நின்றார். இருவரும் பேசியது ஜெர்மன், இருவருடையதும் தங்கள் தங்கள் பாட்டில் உடைந்த ஜெர்மன். திருமதிக்கு ஃப்ரௌ, திருவுக்கு ஹெர்.

"ஃப்ரௌ சந்திரா, ஒரு சின்ன உதவி. இந்த மணி ஒருக்கா அடிச்சால் நீங்களும் ஒருக்கா அடிக்கவேணும். அவ்வளவுதான்."

"அடிச்சால் என்ன நடக்கும், ஹெர் ஹெஸ்லப்?"

"ரயில் வரும்."

"உடுப்புத் தோய்க்கிற இடத்துக்கோ?"

"பாதை அதாலதான் போகுது. கவனம், உங்கட துவாய் தண்டவாளத்தில கிடக்குது."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னது அவ்வளவில் நிற்கவில்லை. ஒன்று என்றால், ஆள் இருக்கிறதா என்று கேட்பது. மூன்று அடித்து, கொஞ்சம் விட்டு, ஒன்று அடித்தால், பயணிகள் ரயிலை அனுப்பலாமா என்ற கேள்வி. அதையே திருப்பி அடித்தால் அனுப்பு என்று அர்த்தம். பேசாமல் இருந்தால் மறுப்பு. இரண்டு, ரயில் புறப்பட்டது. இரண்டும் ஒன்றும், ரயில் வந்து சேர்ந்தது, பாதை வெறுமை. ஒவ்வொரு அடியையும் நேரத்தோடு புத்தகத்தில் எழுதவேண்டும். பிழையாக எழுதினால் அழிக்கக்கூடாது, பக்கத்தைக் கிழிக்கக்கூடாது. வாசிக்கக்கூடியமாதிரி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையொப்பம் வைக்கவேண்டும். இரண்டு அறைக்குமாக அறுபத்தொரு புத்தகங்கள் அலுமாரியில் இருந்தன.

கடைசியாக, ஆறு. விடாமல் ஆறு அடித்தால் பாதையில் தடங்கல், ஆபத்து. உடனே ஆறைத் திருப்பி அடித்து, எல்லாக் கைகாட்டிகளையும் நிறுத்தத்தில் போட்டுவிட்டு, தடங்கல் நீங்கியது என்று மணி வரும்வரை இருந்த இடத்தில் இருக்கவேண்டும். மாதத்தில் இரண்டு மூன்று தரம் ஆறு வரும். பக்கத்து வீட்டுப் பூனை ஆல்டர்கில் பாலத்தில் படுத்துவிடும், அல்லது பெட்டி தடம்புரளும். முதல்தரம் சந்திரகாந்தி பயந்து அடுத்த அறைக்கு ஓடினாள். ஹெஸ்லப் பூனையைத் தூக்கிப் பிடித்தபடி அவளைப் பார்த்தார்.

"நீங்கள் இஞ்ச வந்தால் ஸ்டோன்பர்னில ஆர்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப இரண்டு விபத்து. சிக்னல்காரர் தன்ர இடத்தை விட்டு எழும்பக்கூடாது, ஃப்ரௌ சந்திரா. என்ன நடந்தாலும்."

அதற்குப்பிறகு அவள் எழும்பியதே இல்லை. மூன்றாம் மாதமே நேர அட்டவணை மனப்பாடம். ஒருநாள் அவரே ஒரு நிமிடம் முந்தி ரயிலைத் தர, அதாவது அனுப்பலாமா என்று கேட்க, அவள் பேசாமல் இருந்து மறுத்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஹெஸ்லப் சிரித்தது கேட்டது. வீட்டில் அவளுடைய கணவர் புவனேந்திரன், உணவகச் சமையலறையில் முப்பது வருடம் நின்று ஓய்ந்த மனிதர், "ஸ்டேசன் மாஸ்டர் அம்மா வந்திட்டா, எழும்பி நில்லுங்கோ" என்று கதவைத் திறப்பார்.

ஒருதரம் தேத்தண்ணி குடிக்கும்போது ஹெஸ்லப் கேட்டார்: "உங்கட பக்கம் ரயில் இருந்ததோ?"

"இருந்தது. சண்டையால தொண்ணூறில நிண்டிட்டுது. தண்டவாளத்தையும் சிலிப்பர்கட்டையையும் கழட்டிக்கொண்டுபோய் பங்கருக்குப் போட்டினம்."

"ஆர்?"

"எல்லாரும்தான்."

அவர் யோசித்தார். "எங்கடையைக் கழட்டினது அரசாங்கத்தின்ர ஒரு கடதாசி. பங்கர் எண்டால் ஒரு பிரயோசனமாவது இருக்குது."

"எங்கடை திரும்பி வந்திட்டுது. இரண்டாயிரத்துப் பதினாலில."

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனார். அன்று ஐந்து மணிவரை மணி அடிக்கவில்லை.

இனி அந்தப் புதன்கிழமை. நிலவறை மணிக்கூட்டில் இரண்டு முப்பத்தெட்டுக்கு ஹெஸ்லப் ரயிலைத் தந்தார். சந்திரகாந்தி ஏற்றுக்கொண்டாள். முப்பத்தொன்பதுக்கு இரண்டு அடி, புறப்பட்டது. பெட்டிகள் சுரங்கத்துக்குள் நுழைகிற சத்தம் வந்தது, நின்றது. இரண்டு நாற்பத்தொன்றுக்கு மணி ஆறு அடித்தது. அடிகள் ஒரே சீராக வரவில்லை, நாலாவது பிந்தியது. பூனையைப் பிடித்துக்கொண்டு அடிக்கிறார் என்று நினைத்தாள். ஆறைத் திருப்பி அடித்தாள். கைகாட்டிகளை நிறுத்தத்தில் போட்டாள். புத்தகத்தில் எழுதினாள்: 2.41, ஆறு. பிறகு கதிரையில் இருந்தாள், அவர் சொன்னபடி.

ஐந்து நிமிடம் போனது. தடம்புரண்ட பெட்டியை ஏற்றப் பத்து நிமிடமாவது செல்லும் என்று அவளுக்குத் தெரியும். பத்து நிமிடம் போனது. "ஹெர் ஹெஸ்லப்" என்று கூப்பிட நினைத்தாள். கூப்பிட்டால் பேச்சு வாங்கவேண்டி வரும். இரண்டு ஐம்பத்தேழுக்கு எழும்பினாள். அடுத்த அறையில் அவர் நிலத்தில், மேசைக்காலோடு சாய்ந்தபடி கிடந்தார். ஒரு கை மணியின் கட்டைக்குக் கீழே விரிந்திருந்தது. அம்புலன்ஸ்காரர் வந்து அரைமணித்தியாலம் முயன்றார்கள். இதயம் என்றார்கள்.

மகள் பிர்கிட் பான் நகரத்திலிருந்து ஓடிவந்தாள். ஐம்பது வயதுப் பெண், ஒரே பிள்ளை. நடையில் நின்று, மேலங்கியைக் கழற்றாமலே கேட்டாள்: "அவர் ஒருவரையும் கூப்பிடேல்லையோ?"

"உடுப்பு மெசின் ஓடினது. எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றாள் சந்திரகாந்தி.

அதுதான் அந்தப் பொய்.

பிர்கிட் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். வீட்டை விற்கும்வரை வழமைபோல வந்து சாமான்களை ஒதுக்கித் தரச் சொல்லிச் சாவியையும் அவளிடமே விட்டாள்.

பதினேழாம் நாள் மணி அடித்த கதை இப்போது விளங்கும். திங்கட்கிழமை மறுபடி அடித்தது. ஒன்று. ஒரு நிமிடம் விட்டு இன்னொன்று. பதில் பிந்தினால் ஹெஸ்லப் அப்படித்தான் அடிப்பார். சந்திரகாந்தி கீழே போகவில்லை. வானொலியைப் போட்டாள். புதன்கிழமை வானொலியையும் தாண்டிக் கேட்டது. மேலே அடுப்படி மணிக்கூட்டில் மூன்று நாற்பத்தொன்று. கீழே இரண்டு நாற்பத்தொன்று. மணி மாறினாலும் நிமிடம் மாறாது. ஆறு அடி, நாலாவது பிந்தியது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவள் புவனேந்திரனுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சோற்றில் கை வைத்தபடி கேட்டார்.

"ஏன் நீர் எனக்கு முந்தியே சொல்லேல்லை?"

"சொன்னால் உண்மையாகிப்போடும்."

"மணி பற்றரியில ஓடுறதோ?"

"ஓம்."

"பற்றரியைக் கழட்டினால் பேயும் போயிடும். ஞாயிற்றுக்கிழமை வாறன்."

ஞாயிறு பகல் திருப்புளியோடு வந்தார். படியிறங்கும்போது, "டிக்கெட் எடுக்கவேணுமோ?" என்று பகிடி விட்டார். மணிப்பெட்டியைத் திறந்தார். உள்ளே பற்றரி இல்லை. இரண்டு வயர்கள் மட்டும் வெறுமையாக நின்றன. அடக்கத்தின் அடுத்த நாளே பிர்கிட் எல்லாவற்றையும் கழற்றிக் கடையில் பழைய பற்றரி போடுகிற பெட்டிக்குள் போட்டது சந்திரகாந்திக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"பற்றரி இல்லாத மணி எப்பிடியப்பா அடிக்கும்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

"உம்மட காது."

மணிக்கு மேலே கண்ணாடிக்குள் ஒரு முள் இருக்கும். ரயில் பாதையில் இருந்தால் சிவப்புக்குச் சாயும், மின்சாரம் இல்லாவிட்டால் நடுவுக்கு வந்துவிடும். ஆல்டர்கில் முள் சிவப்பில் நின்றது. புவனேந்திரன் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. பிறகு அவர் சுரங்கத்துக்குள் தோள்மட்டும் கையை விட்டார். அந்த ரயில் இன்னும் உள்ளேதான் நின்றது, ஒருவரும் எடுக்கவில்லை. விட்ட வேகத்தில் கையை வெளியே எடுத்தார்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. வாரும், போவம்."

பகிடி முடிந்துவிட்டது. பஸ்ஸில் பாதித் தூரம் போனபிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இஞ்சின் சுட்டது."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "அந்தப் பக்கத்தைக் கிழிச்சு எறியும்" என்றார். "புத்தகத்தை அந்த இங்கிலீசுக்காரங்கள் கொண்டுபோனால் நாளைக்கு ஒருத்தன் வாசிப்பான். ஆறு அடிச்ச நேரம் அதில கிடக்குது. அம்புலன்ஸைக் கூப்பிட்ட நேரம் ஆஸ்பத்திரியில கிடக்குது."

அவர் சொன்ன இங்கிலீசுக்காரர்கள், ஹெஸ்லப்பின் பள்ளத்தாக்கில் அந்த ரயில் பாதையின் வரலாற்றைச் சேர்க்கிற ஒரு சின்னச் சங்கத்தார். எல்லாவற்றையும் அவர்களுக்குக் கொடுக்க பிர்கிட் ஒத்துக்கொண்டிருந்தாள். வருகிற சனிக்கிழமை இரண்டு பேர் கப்பலில் வாகனத்தை ஏற்றிக்கொண்டு வருவார்கள். மேசையும் ரயிலும் அவர்களுக்கு இரண்டாம் பட்சம். புத்தகங்கள்தான் வேண்டும், ஒரு பக்கமும் குறையாமல் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

"கிழிக்க ஏலாது" என்றாள் சந்திரகாந்தி.

"ஏன் ஏலாது? கடதாசிதானே."

"பக்கத்துக்கு இலக்கம் இருக்குது. கிழிக்கக்கூடாது எண்டு ஒழுங்கு."

"செத்த மனிசன்ர ஒழுங்கு."

"நான் அண்டைக்கு இருந்ததும் அந்த ஒழுங்கிலதான்" என்றாள் அவள். "ஒண்டில அதைக் காப்பாத்தவேணும். இல்லாட்டில் அண்டைக்கே மீறியிருக்கவேணும். மீறவேண்டிய நேரத்தில மீறாமல், இப்ப எனக்காக மீறுறதோ?"

புவனேந்திரன் பயந்துபோய் இருந்தார் என்பது, அன்று இருட்டுமுன் எல்லா லைட்டையும் போட்டதில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பிர்கிட் பானிலிருந்து வந்தாள். இருவரும் அடுப்படிச் சாமான்களைப் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கினார்கள். மூன்று மணிக்கு பிர்கிட் கோப்பி போட்டாள். மூன்று நாற்பதை நெருங்க சந்திரகாந்தி அடுப்படி மணிக்கூட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒரு தட்டு விழுந்து உடைந்தது.

"விடுங்கோ, ஃப்ரௌ சந்திரா. அது அழகில்லாத தட்டு."

கீழே மணி அடித்தது. ஒன்று.

பிர்கிட் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவளுக்குக் கேட்கவில்லை என்பது தெரிந்தது. அந்த நேரத்தில்தான் சந்திரகாந்திக்கு ஒன்று உறைத்தது. மணி தன்னைத்தான் கேட்கிறது, ஆள் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. அன்றைக்கு ஆள் இருந்தது என்று சொல்லவேண்டியது அவள்தான்.

"உடுப்பு மெசின் ஓடேல்லை" என்றாள்.

"என்ன?"

"அண்டைக்கு. மெசின் ஓடேல்லை. எனக்குக் கேட்டது."

பிர்கிட் நிலத்தில் குந்தியபடியே கேட்டாள். சந்திரகாந்தி நின்றபடியே சொன்னாள். ஆறு அடியைச் சொன்னாள், பூனையைச் சொன்னாள், சிக்னல்காரர் எழும்பக்கூடாது என்பதைச் சொன்னாள். நேரத்தை ஒளிக்கவில்லை. பிர்கிட் துண்டுகளைக் குப்பைக்குள் போட்டாள். ஒன்று விரலை வெட்டியிருந்தது, அதைக் கவனிக்கவில்லை.

"பதினாறு நிமிசம்."

"ஓம்."

"கல்லறையில வைச்சு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

"ஓம்."

"சின்னனில என்னையும் ஸ்டோன்பர்னில இருத்துவார். எனக்கு அந்த விளையாட்டைக் கண்ணில காட்ட ஏலாது. நான் ஒருநாளும் எழும்பாமல் இருந்ததில்லை, தெரியுமோ. அஞ்சு நிமிசத்தில எழும்பி ஓடியிடுவன்." அவள் கையைக் கழுவினாள். "வாங்கோ கீழ."

படியிறங்கி ஆல்டர்கில் அறைக்குள் போனார்கள். பிர்கிட் மேசைக்காலைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். "இதிலயோ?" என்றாள். சந்திரகாந்தி தலையாட்டினாள். பிர்கிட் அந்த இடத்திலேயே, தகப்பன் கிடந்த மாதிரியே, சீமெந்து நிலத்தில் சரிந்து படுத்தாள்.

"பதினாறு நிமிசம் எவ்வளவு நீளம் எண்டு எனக்குத் தெரியவேணும். நீங்கள் அங்க போய் இருங்கோ."

சந்திரகாந்தி ஸ்டோன்பர்னில் போய் இருந்தாள். மணிக்கூட்டில் இரண்டு ஐம்பது. முதல் மூன்று நிமிடம் சுலபமாகப் போனது. ஐந்தாம் நிமிடத்தில் காலை இழுத்து வைத்தாள். உயர ஜன்னலால் வந்த வெளிச்சம் மர வீடுகளின் கூரைகளில் விழுந்தது. ஸ்டோன்பர்ன் மேடையில் நகமளவு மனிதர்கள் பெட்டிகளோடு நின்றார்கள், வராத ரயிலைப் பார்த்தபடி. எட்டாம் நிமிடம் சுரங்க வாயிலிருந்து குளிர்காற்று வந்தது. காற்றோடு கரிப்புகை மணம். அந்த ரயில்கள் மின்சாரத்தில் ஓடுகிறவை. அந்த வீட்டில் கரி எரிந்து நாற்பது வருடம். மணம் கூடிக்கொண்டே வந்தது. உள்ளே எங்கோ ஒரு மூச்சு, இழுத்து, நின்று, இழுத்தது. அது பிர்கிட்டுடையதாக இருக்கலாம். மணி அடிக்கவில்லை. அடித்திருந்தால் நல்லதுபோல் இருந்தது. பத்தாம் நிமிடத்தில் அவளுக்கு எழும்பி ஓடவேண்டும்போல் வந்தது. அன்றைக்கு இது ஏன் வரவில்லை என்று தன்னையே கேட்டாள். அன்றைக்கும் வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டு இருந்தாள், நல்ல சிக்னல்காரி என்று பேர் எடுக்க. அந்த உண்மை கதிரையில் அவளோடு பக்கத்தில் வந்து இருந்தது.

மூன்று மணி தாண்டி ஆறு நிமிடம். பிர்கிட் வாசலில் வந்து நின்றாள். கன்னத்தில் சீமெந்துத் தூசி ஒட்டியிருந்தது.

"அங்க கிடந்தால் எல்லாம் கேக்குது" என்றாள். "அந்த ஓட்டையால. உங்கட கதிரை கிறீச்சிடுறது. நீங்கள் காலை இழுத்து வைக்கிறது. அடிக்கடி ஒரு சொல்லுச் சொல்லுறீங்கள். முருகா. முருகா எண்டால் ஆர்?"

"கடவுள்."

"அண்டைக்கும் சொன்னீங்களோ?"

"எனக்குத் தெரியாமல்தான் வரும். சொல்லியிருப்பன்."

"அப்ப அவருக்கும் கேட்டிருக்கும்." பிர்கிட் சுவரில் சாய்ந்தாள். "அது நல்லதோ கூடாததோ எண்டு எனக்குத் தெரியேல்லை. பக்கத்தில ஆள் இருக்குது எண்டு தெரிஞ்சு கிடந்திருக்கிறார். அந்த ஆள் வரேல்லை எண்டும் தெரிஞ்சு கிடந்திருக்கிறார்."

சந்திரகாந்தி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். பிர்கிட் கையைக் காட்டி மறித்தாள்.

"இப்ப வேண்டாம். இப்ப கேட்டால் நான் ஏதும் சொல்லிப்போடுவன். புத்தகத்தை எடுங்கோ. ஆறுக்குப் பிறகு என்ன எழுதியிருக்குது?"

"ஒண்டும் இல்லை."

"எழுதுங்கோ. நடந்ததை."

சந்திரகாந்தி பேனாவை எடுத்தாள். 2.41 என்ற வரிக்குக் கீழே, ஜெர்மனில், எழுத்துப்பிழையோடு எழுதினாள்: 2.41 இலிருந்து 2.57 வரை ஸ்டோன்பர்னில் இருந்தேன். போகவில்லை. 2.57க்குப் போனேன். பெயரை முழுதாக எழுதினாள். பிர்கிட் வாசித்துவிட்டு, எதையும் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை. வெட்டுப்பட்ட விரலின் இரத்தம் தாளின் ஓரத்தில் பட்டது. துடைக்கவில்லை.

"சாவியைத் தாங்கோ" என்றாள்.

சந்திரகாந்தி கொடுத்தாள். மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாசல்படி இறங்கியபோது பின்னால் குரல் வந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு அவங்கள் வருவாங்கள். எனக்கு அந்தப் புத்தகங்களில இருக்கிற மணி அடையாளம் ஒண்டும் விளங்காது. நீங்கள் வரவேணும்." பிறகு, "எனக்கு உங்களில கோவம். அது கனகாலம் இருக்கும். ஆனால் வரவேணும்."

வீட்டில் புவனேந்திரன், "போவீரோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"நானும் வரட்டோ?"

"வேண்டாம். நீங்கள் வந்தால் நான் உங்களுக்குப் பின்னால நிப்பன்."

சனிக்கிழமை வந்தவர்கள் இரண்டு கிழவர்கள். ஒருவருக்கு ஜெர்மன் தெரியும். மற்றவர், உயரமானவர், தன் மாமன் ஸ்டோன்பர்னில் சிக்னல்காரராக இருந்தார் என்றார். பிர்கிட் அடுப்படியில் நின்று பெட்டிகளை ஒட்டினாள், கீழே வரவில்லை. சந்திரகாந்தி அறுபத்தொரு புத்தகங்களையும் வரிசைப்படி எடுத்துக் கொடுத்தாள். அடையாளங்கள் என்ன, உர்சுலாவின் எழுத்து எங்கே முடிகிறது, தன்னுடையது எங்கே தொடங்குகிறது என்று காட்டினாள். கடைசிப் புத்தகத்தில் கடைசியாக எழுதிய பக்கத்தை அவளே திறந்தாள். விரலை வரியின் கீழே வைத்து, சத்தமாக வாசித்தாள். ஜெர்மன் தெரிந்தவர் மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொன்னார்.

உயரமானவர் கண்ணாடியைக் கழற்றினார். அவளைப் பார்க்கவில்லை. மணியைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், சுவரிலிருந்த ஓட்டையைப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"அவர் கேக்கிறார்" என்றார் மற்றவர், "இந்த வரிக்குப் பக்கத்தில உங்கட பேரைச் சங்கத்துப் பதிவில போடலாமோ எண்டு. விருப்பமில்லாட்டில் 'ஸ்டோன்பர்ன்' எண்டு மட்டும் போடுவினம்."

"போடச் சொல்லுங்கோ" என்றாள் சந்திரகாந்தி. தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

உயரமானவர் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது. கோடுகள் மட்டும், நேரம் எழுதுகிற கட்டங்கள் மட்டும். அவர் அதை உள்ளங்கையால் ஒருதரம் தடவினார். பிறகு புத்தகத்தை மூடாமல், திறந்தபடியே, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறினார்.